இரவல் வண்டியில் நாலு பேர்

ஏப்ரல் 21, திங்கள்

வண்டி வந்துவிட்டது. வெள்ளை நிறம், ஏழு இருக்கை, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட். கொண்டுவந்த கம்பெனி ஆள் சாவியைக் கொடுத்துவிட்டு, "மேடம், மாசக் கடைசி வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும். வீட்ல எல்லாரையும் ஏத்திட்டுப் போங்க, இது ஃபேமிலி வண்டி" என்று சொல்லியபடி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே அப்பா மட்டும் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் யாராவது வெளியே வருவார்கள் என்று அந்த ஆள் கொஞ்ச நேரம் நின்றார். யாரும் வரவில்லை.

பதினாறு வருடமாக மோட்டார் பத்திரிகைக்கு வண்டி மதிப்பீடு எழுதுகிறேன். ஸ்கூட்டரிலிருந்து மினி லாரி வரை ஓட்டியாயிற்று. இந்த முறை ஆசிரியர் போனில் சொன்னது: "வல்லி, மைலேஜ், பிக்கப் எல்லாம் யூடியூப்ல ஆயிரம் பேர் சொல்லிட்டான். ஒரு குடும்பம் இதுல போனா எப்படி இருக்கும்னு நீங்க எழுதுங்க." இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு ஏழு பேர் வண்டியை அனுப்பிவிட்டுக் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொல்கிறார். வேண்டுமென்றே குத்திக் காட்டும் அளவுக்கு அவருக்குச் சாமர்த்தியம் போதாது. மறந்திருப்பார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அப்பாவை ஏற்றிக்கொண்டு சிங்காநல்லூர் வரை போய் வந்தேன். அவருக்கு மூட்டுவலி. ஆட்டோவில் ஏறவே ஒரு பாட்டம் புலம்புவார். இதில் இருக்கை சரியாக இடுப்பு உயரத்தில் இருப்பதால் தொங்கி ஏறவும் வேண்டாம், குனிந்து நுழையவும் வேண்டாம். குறித்துக்கொண்டேன்.

"ஸ்டார்ட் பண்ணும்மா" என்றார்.

"பண்ணியாச்சுப்பா. தெரு முனைக்கே வந்துட்டோம்."

"சத்தமே காணோம்?"

நாற்பது வருடம் பஞ்சு மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். சத்தம் வராத எதையும் அவர் இயந்திரம் என்று ஒப்புக்கொள்வதில்லை. சிக்னலில் நிற்கும்போது, "பூனை மாதிரி பதுங்கிப் பதுங்கிப் போனா ரோட்ல போறவன் எப்படி ஒதுங்குவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதையும் குறித்துக்கொண்டேன்.

இறங்கும்போது, "பின்னாடி இத்தனை சீட் சும்மா கிடக்குதே. அந்தத் தம்பியையும் பாப்பாவையும் கூப்பிடலாமில்ல?" என்றார். காது கேட்காத மாதிரி வண்டியைப் பூட்டினேன்.

ஏப்ரல் 23, புதன்

எழுதிவிடுவதே நல்லது. இல்லாவிட்டால் இந்தக் குறிப்பு முழுக்க நான் மைலேஜ் பற்றியே எழுதி என்னையே ஏமாற்றிக்கொள்வேன்.

'அந்தத் தம்பி' குணசீலன். பம்ப்செட் தொழிற்சாலையில் இன்ஜினியர். மனைவி காய்ச்சலில் இறந்து ஆறு வருடமாகிறது. ஒரே மகள் நேத்ரா, பதின்மூன்று வயது. அவருடைய பழைய டீசல் ஜீப்பைப் பற்றி எழுதப் போன இடத்தில் பழக்கம். ஜனவரியில் ஒருநாள், இன்னொரு டீ சொல்லட்டுமா என்கிற குரலில், "நாம கல்யாணம் பண்ணிக்கலாமுங்களா?" என்று கேட்டார். சித்திரை முடிவதற்குள் சொல்கிறேன் என்றேன்.

குணாவைப் பிடிக்கும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. நேத்ராதான் விஷயம். இத்தனை மாதத்தில் அந்தப் பெண் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. மரியாதைக் குறைவு என்று சொல்ல முடியாது. எதுவாக இருந்தாலும் அப்பா வழியாகத்தான் வரும். ஓட்டலில் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "அப்பா, அவங்களுக்குச் சட்னி வேணுமான்னு கேளுங்க" என்பாள். குணாவும் கேட்பார். நானும் குணாவிடமே பதில் சொல்வேன். கோர்ட்டில் கூட இவ்வளவு சுற்றிப் பேசமாட்டார்கள்.

ஒரு குழந்தைக்கு வேண்டாத ஆளாக அவள் வீட்டுக்குள் போய் உட்கார என்னால் முடியாது. அவளுக்குப் பிடிக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் குணாவிடம் இல்லை என்று சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு ரொம்ப நாள் அழுவேன். அவ்வளவுதான்.

சாயங்காலம் அவருக்குப் போன் செய்தேன். "குணா, சனி, ஞாயிறு ரெண்டு நாளைக்கு உங்க குடும்பத்தை இரவல் குடுங்க. மதிப்பீட்டுக்கு வேணும்."

"திருப்பிக் குடுத்தே ஆகணுங்களா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஊருக்குள் லிட்டருக்கு இருபத்திரண்டு கொடுக்கிறது. நாளைக்குப் புடவையா சுடிதாரா என்று இவ்வளவு நேரம் யோசித்ததை மதிப்பீட்டில் எழுத முடியாது. சுடிதார்.

ஏப்ரல் 26, சனி. வால்பாறை

நிறைய எழுத வேண்டும். கை வலித்தாலும் பரவாயில்லை.

காலையில் கிளம்பும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பொள்ளாச்சி வரை நான் ஓட்டினேன். நேத்ரா கேட்காமலேயே முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அப்பாவும் குணாவும் நடு வரிசையில். ஒருமுறை, "அப்பா, அவங்களை ஏசியைக் குறைக்கச் சொல்லுங்க" என்றாள். அவள் முழங்கை என் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது. குறைத்தேன்.

பொள்ளாச்சியில் குணாவின் அக்கா மரகதம் வீட்டில் டிபன். அங்கேதான் வினை ஆரம்பம். அப்பாவும் குணாவும் கை கழுவ உள்ளே போயிருந்தார்கள். நான் டயர் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரகதம் அக்கா வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங் கண்ணு, ரெண்டு பேரும் சேந்து வண்டி எடுத்துப்போட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கல்யாணத்துக்கு முந்தியே வண்டி வந்துருச்சு, பாரு!"

"அக்கா, இது எங்க வண்டி இல்லீங்க. கம்பெனி…"

"லோன்லதான் எல்லாரும் எடுக்கறாங்க. அதுக்கென்ன?"

நான் விளக்குவதற்குள் அவர் உள்ளே ஓடித் தட்டோடு திரும்பிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் வந்தார்கள். பானெட்டில் மஞ்சளால் பிள்ளையார் சுழி, பம்பர் முழுக்கச் சந்தனமும் குங்குமமும், நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். குணா வெளியே வந்து வாயைத் திறந்தார். அதற்குள் கற்பூரம் ஏற்றியாயிற்று. எரிகிற கற்பூரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு 'நிறுத்துங்கள்' என்று சொல்ல எங்கள் நாலு பேரில் யாருக்கும் வாய் வரவில்லை. ஊரில் யாருக்குமே வந்திருக்காது. அப்பா பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வண்டியை முன்னால எடு கண்ணு" என்றார் அக்கா. எடுத்தேன். இன்ஜின் சத்தம் துளிகூட இல்லை. எலுமிச்சம்பழங்கள் நசுங்கிய சத்தம் மட்டும்தான் கேட்டது. அக்கா என் நெற்றியில் குங்குமம் வைத்தார். அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

பிறகு நேத்ராவைப் பார்த்தேன். வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மலைப்பாதையில் குணா ஓட்டுவதாக ஏற்பாடு. மற்ற இருக்கைகளில் உட்கார்ந்து நான் குறிப்பெடுக்க வேண்டும். பின்னால் ஏறப் போன என்னை மரகதம் அக்கா கையைப் பிடித்து இழுத்து முன் கதவைத் திறந்துவிட்டார். "நீ முன்னால உக்காரு கண்ணு. இனிமே அது உன்ற எடம்." எல்லார் முன்னாலும் அவரோடு மல்லுக்கட்ட முடியாமல் உட்கார்ந்தேன். நேத்ரா நடு வரிசையைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய் ஹெட்போன் மாட்டிக்கொண்டாள். வயசுப் பிள்ளைகள் அப்படித்தான் தனியாக உட்காருவார்கள் என்று நினைத்தேன். 'மூன்றாவது வரிசை பதின்ம வயதினருக்கு ஏற்றது' என்று வேறு எழுதிக்கொண்டேன். இப்போது அந்த வரியைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆழியாறு அணையைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்தன. ஹைபிரிட்டில் பிரேக் மிதித்தால் முதலில் பேட்டரிக்கு மின்சாரம் எடுத்துக்கொண்டு அப்புறம்தான் வழக்கமான பிரேக் பிடிக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் லேசாக ஓர் உதறல் இருக்கிறது. முன்னால் உட்கார்ந்தவருக்குத் தெரியாது. கடைசி வரிசையில் ஒவ்வொரு வளைவுக்கும் வயிற்றைப் புரட்டும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், பாதி மலை ஏறியபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நிறுத்துங்க!"

அப்பாவைக் கூப்பிடாமல், யார் வழியாகவும் சொல்லி அனுப்பாமல், அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான். குணா ஓரங்கட்டினார். கதவைத் திறந்து இறங்குவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள்கூடத் தள்ளிப் போய்விட்டன. அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். என் கையை அவள் தட்டிவிடவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

"முன்னால உக்காந்தா இவளுக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் குணா. "அவங்கம்மா போனதுல இருந்து முன் சீட்டுலதான் வருவா."

"அப்புறம் ஏன் குணா பின்னாடி போனா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என் நெற்றிக் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"மூணாவது வரிசையை நான்தான் பாக்கணும். நீ முன்னாடி உக்காரு" என்றேன் அவளிடம்.

"வேண்டாம்" என்று சொல்லி நடு வரிசையில் என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைத் திறந்துகொண்டாள். நான் கடைசி வரிசைக்குப் போனேன். வால்பாறை வரை முன் இருக்கை காலியாகவே வந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

இறங்கும்போது நான் ஓட்டினேன். காலையில் டீ குடித்துவிட்டு நேராக நேத்ராவிடமே போய்ச் சொன்னேன். "பேட்டரி எவ்வளவு ஏறுதுன்னு இந்தத் திரையைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். நான் ரோட்டைப் பாக்கணும். எங்கப்பாவுக்குக் கண்ணு தெரியாது, உங்கப்பாவுக்குப் பொறுமை கிடையாது." இரண்டாவது உண்மை. முதலாவது பொய், அப்பா கண்ணாடி போட்டால் எறும்பின் காலைக்கூட எண்ணுவார். அவர் வாயை மூடிக்கொண்டு நடு வரிசையில் ஏறியதற்கு அவருக்குக் கோடி கும்பிடு.

நேத்ரா முன்னால் ஏறினாள். முதல் சில வளைவுகள் தாண்டின. அப்புறம் திரையைப் பார்த்து, "ஒரு கோடு ஏறிடுச்சு" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "இன்னொண்ணு." கொஞ்ச தூரம் போய், "பெட்ரோலே போகலை, ஆனா ஏறுது!" இந்த முறை என்னைப் பார்த்தே சொன்னாள்.

"இறங்கற வேகத்தைப் பிடிச்சு உள்ளே சேத்து வச்சுக்குது. சாதா வண்டியில அதெல்லாம் பிரேக் சூடா வீணாப் போயிடும்."

"ஃபுல் ஆனா என்ன பண்ணும்?"

"நீயே பாரு."

பாதி இறங்கியதும் பேட்டரி நிறைந்தது. உடனே இன்ஜின் தானாகவே உறும ஆரம்பித்தது. பின்னால் குணா பதறிப்போய், "வல்லி, என்னமோ ஆகிப்போச்சுங்க, நிறுத்துங்க நிறுத்துங்க!" என்றார். அப்பா, "இப்பத்தாம்மா வண்டி மாதிரி இருக்கு" என்றார்.

"ஒண்ணும் ஆகலைப்பா" என்று நேத்ரா பின்னால் திரும்பினாள். "பேட்டரியில இடமில்லை. அதனால இன்ஜின் பிடிச்சு நிறுத்துது. அப்படித்தானே?"

கடைசி வார்த்தை என்னிடம். "அப்படித்தான்" என்றேன்.

ஏப்ரல் 28, திங்கள்

குங்குமம் வெயிலில் காய்ந்து பம்பரில் சிவப்பாக ஊறிவிட்டது. நாளை மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மரகதம் அக்கா போன் செய்தார். குணா விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். "அட சாமி! கம்பெனிக்காரன் வண்டிக்கா அத்தனை எலுமிச்சம்பழம் வச்சேன்?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கல்யாணமாவது நெசந்தானே கண்ணு?" என்றார். ரசம் பொங்குகிறது என்று சொல்லி வைத்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கார் ஷாம்பூவோடு குணா வந்தார். கூட நேத்ரா. குணா இரண்டு நிமிடம் தேய்த்துவிட்டு அப்பாவோடு காபிக்கு உட்கார்ந்துவிட்டார். நானும் நேத்ராவும் ஆளுக்கொரு துணியோடு பம்பருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து, துணியைப் பிழிந்தபடி சொன்னாள். "கல்யாணம்னு அத்தை சொன்னாங்க. பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட மட்டும் யாருமே கேக்கல."

"எனக்கே தெரியாது நேத்ரா. உங்கப்பா கேட்டாரு. நான் இன்னும் பதில் சொல்லல."

"ஏன்?"

சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. "உனக்கு என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன். சட்னி வேணுமான்னுகூட நேரா கேக்க மாட்டேங்கற."

அவள் துணியைக் கீழே போட்டாள். "பிடிக்காம இல்ல. உங்களை என்னன்னு கூப்பிடறதுன்னு தெரியல."

"என்ன?"

"ஆன்ட்டின்னா மாடி வீட்டுக்காரங்களைக் கூப்பிடற மாதிரி இருக்கு. சித்தின்னா சீரியல் மாதிரி இருக்கு. அம்மான்னு…" நிறுத்தினாள். "அது முடியாது. கூப்பிடாம எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறது? அதான் அப்பாகிட்ட சொல்லிடுவேன்."

ஜனவரியிலிருந்து நான் தூக்கம் கெட்டுக் கிடந்தது இதற்காகவா! முறை தெரியாமல் ஒருவரை எப்படி அழைப்பது என்கிற சங்கடம் எனக்கும் தெரிந்ததுதானே. பக்கத்துக் கடைக்காரர் அண்ணனா மாமாவா என்று முடிவாகாமல் எத்தனை வருடம் 'ஏங்க' என்று இருமிக்கொண்டு நின்றிருக்கிறேன்! இந்தப் பிள்ளை அதே இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. நான் அதை வெறுப்பு என்று எழுதி வைத்திருக்கிறேன்.

"அம்மான்னு கூப்பிட வேண்டாம்" என்றேன். "அது அவங்களுக்கு உண்டானது. எதுவுமே கூப்பிடாம பேசு. எனக்குப் போதும்."

"ம்."

"இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். உங்கப்பாகிட்ட நான் சரின்னு சொல்லட்டுமா? உன் முன் சீட்டு உன்னோடதுதான். மத்தவங்க யார் என்ன சொன்னாலும். நீ வேண்டாம்னா வேண்டாம். எனக்கு வருத்தமா இருக்கும், ஆனா உன்மேல கோபம் இருக்காது."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவ்வளவு கவனமாக என்னை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

"எவ்வளவு நாள் வேணுமோ எடுத்துக்கோ."

குங்குமக் கறை முக்கால்வாசி போய்விட்டது.

ஏப்ரல் 30, புதன்

வண்டி போய்விட்டது. கம்பெனி ஆள் சுற்றிப் பார்த்துவிட்டு டயர் இடுக்கிலிருந்து எலுமிச்சைத் தோல் ஒன்றை எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

மதிப்பீட்டை எழுதி அனுப்பினேன். முதியவர்கள் ஏறி இறங்கச் சுலபம். ஊருக்குள் எரிபொருள் மிச்சம். மலை இறக்கத்தில் வரும் உறுமல் கோளாறு அல்ல, பயப்பட வேண்டாம். பிரேக்கில் உள்ள உதறலைக் கம்பெனி சரிசெய்ய வேண்டும். மூன்றாவது வரிசையில் யாரையும் மலையேற்றாதீர்கள், அங்கே போய் யாராவது பேசாமல் உட்கார்ந்தால் ஏன் என்று கேளுங்கள். கடைசி வரியை ஆசிரியர் வெட்டிவிடுவார் என்று நினைத்தேன். "இதுதான் நான் கேட்டது" என்று பதில் போட்டிருக்கிறார்.

மே 2, வெள்ளி

போன் வரவில்லை. துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடியும் துவைத்தேன்.

மே 4, ஞாயிறு

மத்தியானம் குணாவின் எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"நான்தான்" என்றாள் நேத்ரா.

"சொல்லு."

"லைசென்ஸ் பதினெட்டு வயசுக்கு அப்புறம்தான் குடுப்பாங்களா?"

"கார் ஓட்ட அப்பத்தான்."

"எனக்கு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். அப்பா கத்துவாரு. அத்தை எலுமிச்சம்பழம் வைப்பாங்க."

"சொல்லித் தரேன்."

"இல்ல, நான் சொல்றது உங்களுக்குப் புரியல. அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. அதுக்குள்ள போயிடற மாதிரி இருந்தா வராதீங்க. எங்க வீட்ல ஏற்கெனவே ஒருத்தங்க போயிட்டாங்க."

ஜனவரியில் குணா கேட்டதை விடப் பெரிய கேள்வி இது. ஆனால் இதற்குப் பதில் சொல்ல எனக்குச் சித்திரை முடியும் வரை அவகாசம் தேவைப்படவில்லை.

"வரேன் நேத்ரா. வந்தா போகமாட்டேன். உயிர் இருக்கிற வரைக்கும் உன்கூட இருப்பேன். அதுக்கு மேல என்னால சத்தியம் பண்ண முடியாது."

"சரி" என்றாள். "அப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நீயே சொல்லு."

போனை வைக்காமலேயே ஓடினாள். வீட்டின் மறுகோடியில் அவள் கத்துவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அப்பா! நம்ம வீட்டுக்கு வரச் சொல்லி நான் கேட்டேன், சரின்னுட்டாங்க!"

ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. குணா போனை எடுப்பதற்குள் அழுது முடித்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.